மாடா, பன்றியா, செயற்கையா: குறைமாசக் குழந்தைகளின் நுரையீரல் மருந்துக்கு ஒரு நர்ஸின் ரிவ்யூ

முதலில் தீர்ப்பு, பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். சர்ஃபாக்டன்ட் என்கிற இந்த மருந்து மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் சரி, பன்றியிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் சரி, நேரத்துக்குக் கிடைத்து, கை பழகியவர் கொடுத்தால் அருமையான மருந்து. கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் மிருகத்தையே தொடாமல் ஆய்வகத்தில் செய்த மருந்து ஒன்று வரப்போகிறது, வந்தால் நம் தலைவலி பாதி தீரும் என்று வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அது மட்டும் எங்கள் பிரிட்ஜுக்கு வந்து சேரவில்லை.

நான் டாக்டர் இல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்கிற பக்கத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் வருவார்கள், தேங்காய்ப்பட்டணம், தூத்தூர் கடற்கரையிலிருந்தும் வருவார்கள், பாறசாலையிலிருந்து மலையாளம் பேசிக்கொண்டும் வருவார்கள். மருந்தை எழுதுவதும் உள்ளே செலுத்துவதும் டாக்டர். பிரிட்ஜிலிருந்து எடுப்பது, குளிர் போக்குவது, சிரிஞ்சில் இழுப்பது, குழந்தையைப் பிடித்துக்கொள்வது, அப்புறம் மணிக்கணக்கில் மானிட்டர் முன்னால் நிற்பது எல்லாம் நாங்கள். ஆகவே இது கையில் பிடித்துப் பார்த்தவளின் ரிவ்யூ, அவ்வளவுதான். உங்கள் குழந்தைக்கு எது வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், இங்கே வந்து கேட்காதீர்கள்.

மருந்து என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நுரையீரலுக்குள் எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் உள்சுவரிலும் ஈரம். மளிகைக்கடையில் கொடுக்கிற மெல்லிய பாலித்தீன் பை உள்ளே நனைந்துவிட்டால் அதன் வாயைத் திறக்க எவ்வளவு பாடு படுகிறோம், அந்தக் கதைதான். அந்த ஒட்டலைக் குறைக்க நுரையீரலே ஒரு பொருளைச் சுரந்து சுவரில் பூசிக்கொள்கிறது. அதுதான் சர்ஃபாக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பு, பத்தில் ஒரு பங்கு புரதம். வயிற்றில் 24 வாரம் வாக்கில் இந்தச் சுரப்பு தொடங்கும், போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிவிடும். நிறைமாசக் குழந்தையிடம் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், 28 வாரத்தில் அவசரமாக வந்துவிட்ட குழந்தையிடம் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கிடக்கும் அறைகளைப் புதிதாகப் பிரித்துத் திறக்க வேண்டியிருக்கும்.

பார்த்தாலே தெரியும். மூக்கு விடைக்கும், நெஞ்செலும்புக்குக் கீழே குழி விழும், மூச்சை வெளியே விடும்போது ஒரு முனகல் வரும். அந்த முனகலைக் கேட்டுப் பாட்டிமார் "பிள்ளைக்கு வயித்து வலிபோல" என்பார்கள். உண்மையில் குழந்தை தொண்டையைப் பாதி அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று முழுவதும் வெளியேறிவிடாமல் பிடித்துவைக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது செய்கிற வேலை. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கும், மூச்சுக்குழாய்க் கிளைகள் மட்டும் நடுவில் கறுப்புக் கோடுகளாக ஓடும்.

இந்தக் குறைதான் காரணம் என்று 1959-இல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டரும் ஜெர் மீடும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கையோடு மருந்து வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னாடியே பிறந்தான், இரண்டு கிலோவுக்கு மேல் எடை, ஆனாலும் இதே மூச்சுத்திணறலில் இரண்டு நாளில் போய்விட்டான். இன்றைக்கு அந்த எடையில் ஒரு குழந்தை எங்கள் வார்டுக்கு வந்தால் யாருக்கும் கை நடுங்காது. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு இந்தக் குப்பிகளுக்கும், மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் சிபாப் மெஷினுக்கும் சேரும்.

இனி ரிவ்யூ. முதலில் சர்வாண்டா.

இது மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது. நான் வேலை கற்றுக்கொண்டது இதில்தான், அதனால் கொஞ்சம் பாசமும் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். எடுத்ததும் வெளியே 20 நிமிஷம் வைக்கலாம், அவசரம் என்றால் உள்ளங்கைக்குள் மூடி 8 நிமிஷம் பிடித்துக்கொள்ளலாம். வெந்நீரில் போடக் கூடாது, அடுப்புச் சூடு, ஹீட்டர் சூடு எதுவும் காட்டக் கூடாது. அந்த 8 நிமிஷம் என்பது நர்ஸ் வேலையிலேயே விசித்திரமான நேரம். டாக்டர் குழந்தையின் மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபைச் சரிபார்க்கிறார், இன்னொரு சிஸ்டர் ஒட்டும் டேப் வெட்டுகிறாள், வெளியே அப்பா கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறார், நாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றும். குப்பி அடியில் மருந்து கொஞ்சம் படிந்திருக்கும், மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை கட்டிவிடும், அப்புறம் சிரிஞ்சில் மருந்து எவ்வளவு, நுரை எவ்வளவு என்று தெரியாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தச் சுழற்றலைத்தான், ஆன்டிபயாடிக் பொடியைக் குலுக்கிப் பழகிய கை லேசில் கேட்காது.

குறை என்று பார்த்தால் அளவு. மில்லிக்கு 25 மில்லிகிராம்தான் இருக்கிறது, கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், ஆகக் கிலோவுக்கு 4 மில்லி. கேட்கச் சின்ன அளவுதான், ஆனால் ஒரு கிலோ குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் 4 மில்லி நீரை விடுவதை நினைத்துப் பாருங்கள். நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் குழந்தையைச் சாய்த்து, தலையை வலப்பக்கம், இடப்பக்கம், உடம்பைக் கொஞ்சம் மேலாக, கொஞ்சம் கீழாக என்று மாற்றி மாற்றிப் பிடித்து, நடுநடுவே காற்று கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். பாதியில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கும், இதயத் துடிப்பு குறையும், சில நேரம் மருந்து ட்யூபிலேயே மேலே ஏறி வரும், நிறுத்தி, குழந்தை தேறியதும் மறுபடி தொடங்க வேண்டும். நாலு கை இல்லாமல் இது நடக்காது.

ஆனால் பலன் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு அறுபது பங்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்த குழந்தைக்குக் கண்ணெதிரே குறைத்துக்கொண்டே வரலாம், ஐம்பது, நாற்பது, முப்பது. இங்கேதான் அனுபவமில்லாத வார்டுகள் சறுக்கும். மருந்து போனதும் நுரையீரல் இளகிவிடும், பழைய அழுத்தத்திலேயே வெண்டிலேட்டரை விட்டுவைத்தால் காற்றறை கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்துவிடும். ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனாலும் குறைமாசக் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து. ஆகவே மருந்து கொடுத்து முடித்ததும் கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகிற வேலை இது இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ட்யூபில் சக்ஷன் போட்டு உறிஞ்சவும் கூடாது, அடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஒழிய. ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

அடுத்தது க்யூரோசர்ஃப். பன்றி நுரையீரல். ஸ்வீடனில் கண்டுபிடித்தது, இத்தாலியின் கியேசி கம்பெனி செய்கிறது.

இதில் மில்லிக்கு 80 மில்லிகிராம். முதல் டோஸ் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி. மருந்து இரண்டு மடங்கு, நீரோ முன்னதைவிடக் குறைவு. நர்ஸாக எனக்கு இது ஒன்றே போதும். கொடுக்கும்போது தடுமாற்றம் குறைவு, மேலே ஏறி வருவதும் குறைவு. சாச்சுரேஷன் ஏறும் வேகமும் கூடுதல். அது என் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமல்ல, மாட்டு மருந்தோடு வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் பன்றி மருந்தில் மறு டோஸ் தேவை குறைகிறது, இறப்பும் குறைவாகத் தெரிகிறது என்கிறார்கள். ஆனால் அது பன்றியின் பெருமையா, டோஸ் கூட இருப்பதாலா என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நியாயமான சந்தேகம், ஒருவருக்கு ஒரு படி சோறும் இன்னொருவருக்கு இரண்டு படியும் போட்டுவிட்டு யார் அரிசி நல்ல அரிசி என்று கேட்டால் எப்படி.

அளவு குறைவாக இருப்பதால் இன்னொரு வசதி. முன்பெல்லாம் ட்யூப் போட்டு, வெண்டிலேட்டரில் ஏற்றித்தான் மருந்து. இப்போது தானாக மூச்சு விடுகிற குழந்தையைச் சிபாப்பிலேயே வைத்துக்கொண்டு, மெல்லிய குழாய் ஒன்றைக் குரல்நாண் தாண்டி இறக்கி, மருந்தை மெதுவாக விட்டுக் குழாயை உருவிவிடுகிறார்கள். ஜெர்மனியில் கொலோன் நகரத்து டாக்டர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை, லிசா என்று பெயர். எங்கள் டாக்டர் முதன்முதலில் இதைச் செய்தபோது எனக்கு நம்பிக்கையே இல்லை, பாதி மருந்து வயிற்றுக்குள் போய்விடும் என்று பார்த்தேன். முடிந்ததும் பீடிங் ட்யூப் வழியாக வயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக ஒன்றும் வரவில்லை. வெண்டிலேட்டர் இல்லாமலே ஒரு குழந்தை இதைத் தாண்டிவிட்டால் நுரையீரலுக்கு மிச்சமாகும் காயம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் அந்தப் பன்றி விஷயம். எங்கள் பக்கத்தில் எல்லா வகை மனிதரும் உண்டு. மாட்டுக்கறியும் பரோட்டாவும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத வீடும் உண்டு, பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடும் உண்டு. மருந்து எதிலிருந்து வருகிறது என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்பது எங்கள் டாக்டரின் கண்டிப்பு, எனக்கும் அதுதான் சரி. ஒரு முறை கடற்கரைப் பக்கத்துக் குடும்பம், பிள்ளையின் உப்பா, அதாவது தாத்தா, தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "மக்களே, இது எதுல இருந்து எடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மகனுக்கு ஒன்றும் பேச வரவில்லை. அவர் வராந்தாவில் போய் நின்று பள்ளி இமாமுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது: "உயிர் போற நேரத்துல அதெல்லாம் பாக்கப்படாது, மொதல்ல பிள்ளையப் பாருங்க." அவ்வளவுதான், கையெழுத்து விழுந்தது. நல்ல மனுஷர். ஆனால் அந்தப் போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நான் மணியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் பிடித்தது விலைக்கு, பன்றிக்கு இல்லை.

மூன்றாவது நியோசர்ஃப். நம் சிப்லா கம்பெனி விற்கிறது, சரக்கு கனடாவின் மாட்டு மருந்து. மில்லிக்கு 27 மில்லிகிராம், கிலோவுக்கு 5 மில்லி. அளவு இன்னும் கூட. மருந்து குறை சொல்ல முடியாது, என் கைக்குத்தான் பெரிய சிரிஞ்ச். ஆட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தையும் இந்தியாவிலேயே குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆடு என்றால் யாரும் இமாமுக்கும் போன் போட வேண்டாம், பூசாரிக்கும் போன் போட வேண்டாம், எங்கள் ஊருக்கு என்றே யோசித்ததுபோல இருக்கிறது. நான் கையாண்டதில்லை, அதனால் நட்சத்திரம் கிடையாது.

இப்போது செயற்கைக்கு வருவோம். மிருகத்திலிருந்து எடுப்பதில் உள்ள சங்கடம் நம்பிக்கை சார்ந்தது மட்டுமல்ல. கசாப்புக்கூடத்திலிருந்து நுரையீரல் சேர்க்க வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், மாட்டு நோய் பன்றி நோய் ஒட்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தேவை கூடினால் உடனே உற்பத்தியைப் பெருக்கவும் முடியாது. ஆய்வகத்தில் செய்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஒரே தரம், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், விலையும் இறங்கலாம். கேட்கத் தேனாக இருக்கிறது. நடந்தது வேறு.

சுரப்பில் அதிகமாக இருப்பது டிபிபிசி என்கிற ஒரு கொழுப்பு. ஆரம்பத்தில் எல்லோரும் அதுதான் மருந்து என்று நினைத்தார்கள். 1960களிலேயே அதைப் புகைபோலத் தெளித்து மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அந்தத் தோல்வியால் இந்த வழியே தப்பு என்று பலர் கைவிட்டுவிட்டார்கள். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த மருந்தில் இருந்ததும் டிபிபிசியில் இல்லாததும் என்ன? எஸ்பி-பி, எஸ்பி-சி என்ற இரண்டு சின்னப் புரதங்கள். கொழுப்பை இழுத்துச் சுவர் முழுக்க நொடியில் பரப்பிவிடுவது அவைதான். அவை இல்லாவிட்டால் கொழுப்பு உள்ளே போனாலும் போன இடத்திலேயே சோம்பிக் கிடக்கும்.

இருந்தாலும் புரதம் இல்லாமலே சமாளிக்கப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஏலெக் என்று ஒரு மருந்து, இரண்டு கொழுப்புகளை ஏழுக்கு மூன்று கணக்கில் கலந்தது. ஒன்றுமே கொடுக்காததற்கு அது எவ்வளவோ மேல், 1987-இல் வந்த ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் பிறகு பன்றி மருந்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, ஏலெக் வாங்கிய குழந்தைகளில் இறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள், 2000-இல் மருந்தும் சந்தையை விட்டுப் போனது. அமெரிக்காவில் எக்ஸோசர்ஃப். ஜான் கிளெமென்ட்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கியது, 1990-இல் அந்த நாட்டில் முதன்முதலில் அனுமதி வாங்கிய சர்ஃபாக்டன்டே இந்தச் செயற்கை மருந்துதான் என்றால் இப்போது பலர் நம்புவதில்லை. பொடியாக வந்தது, நீர் விட்டுக் கலக்க வேண்டியிருந்தது. புரதத்துக்குப் பதிலாகக் கொழுப்பைப் பரப்ப சீட்டைல் ஆல்கஹால் சேர்த்திருந்தார்கள், நம் முகக் கிரீம்களில் இருக்கிறதே அதே சரக்கு. உயிர்களைக் காப்பாற்றியது, சந்தேகமில்லை. ஆனால் மாட்டு மருந்து நிமிஷக் கணக்கில் செய்ததை இது மணிக்கணக்கில் செய்தது. பக்கத்தில் வேகமான மருந்து கிடைக்கும்போது யார் காத்திருப்பார்கள்?

மூன்றாவது முயற்சிதான் என்னைக் கவர்ந்தது. சர்ஃபாக்சின். இதில் எஸ்பி-பி புரதத்தின் வேலையைச் செய்ய 21 அமினோ அமிலம் கோத்த ஒரு சின்னப் புரதத் துண்டை ஆய்வகத்திலேயே கட்டினார்கள். 2005-இல் வெளிவந்த சோதனைகளில் எக்ஸோசர்ஃபை வென்றது, க்யூரோசர்ஃபோடு சரிசமமாக நின்றது. அப்புறம் அனுமதிக்கு இழுபறி, வருஷக் கணக்கில். ஒருவழியாக 2012 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. 2015-இல் கம்பெனியே விற்பதை நிறுத்திவிட்டது. மூன்றே வருஷம்!

ஏன் என்று கம்பெனி கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்களுக்குத் தெரிந்த காரணம் சொல்வார்கள். எனக்கு அதன் செய்முறைத் தாளைப் படித்ததுமே பாதி புரிந்துவிட்டது. குளிரில் அது கெட்டியாக உறைந்து ஜெல்லாக இருக்கும். கொடுக்கும் முன் தனியாக ஒரு ஹீட்டர் பெட்டியில் 44 டிகிரியில் 15 நிமிஷம் வைக்க வேண்டும், எடுத்து வேகமாகக் குலுக்கி ஓடுகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் கிலோவுக்கு 5.8 மில்லி. மற்றவை எல்லாவற்றையும்விட அதிக நீர்! கரண்ட் போய்ப் போய் வருகிற ராத்திரியில், ஒரு குழந்தைக்கு மூச்சு கொடுக்க அம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டிருக்கும்போது, ஹீட்டர் பெட்டிக்கு இன்னொரு ப்ளக் பாயின்ட் தேட வேண்டும் என்றால் எந்த நர்ஸ் சந்தோஷப்படுவாள்? மருந்து செய்தவர்கள் ஒரு ராத்திரி ஷிப்டில் எங்களோடு நின்றிருந்தால் இப்படி ஒரு பொருளை வெளியே விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதே மருந்தை ட்யூபே போடாமல் ஆவியாகச் சிபாப் வழியாகக் கொடுக்கவும் பார்த்தார்கள். க்யூரோசர்ஃப் செய்கிற கியேசியே இரண்டு புரதங்களுக்கும் செயற்கைத் துண்டு வைத்து ஒன்றைத் தயாரித்துக் குழந்தைகளிடம் சோதித்திருக்கிறது, அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒன்றுக்குப் பதில் இரண்டு புரதம், அளவும் குறைவு. பன்றி மருந்தை விற்கிறவர்களே பன்றியை விட்டு வெளியே வர வழி பார்க்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்க வேண்டும். செயற்கைக்கு இன்றைய நட்சத்திரம்: கட்டம் காலி.

பிராண்டைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டாலும், எங்கள் வார்டில் ஒரு குழந்தை தேறுவதும் தேறாததும் குப்பியின் பெயரைவிட முந்தைய இரண்டு மூன்று காரியங்களில்தான் இருக்கிறது. குறைமாசத்தில் வலி வந்துவிட்டால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேர இடைவெளியில் நாலு ஊசி, மருந்தில் மிக மலிவானவற்றில் ஒன்று. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-லேயே நிரூபித்துவிட்டார்கள், வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் நுரையீரல் பக்குவமாகிவிடும். ஊசி போட்டு வந்த தாயின் குழந்தைக்கும் போடாமல் வந்த குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வாசலிலேயே முனகலை வைத்துச் சொல்லிவிடுவேன். இன்னொன்று, நல்ல நேரம் பார்த்து 37 வாரத்திலேயே சிசேரியன் வைக்கச் சொல்லும் குடும்பங்கள். நட்சத்திரம் நல்லதாக அமைந்துவிடும், நுரையீரல்தான் தயாராக இருக்காது. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் பிந்தும். ஜோசியரிடம் நாள் வாங்கும் முன் டாக்டரிடம் வாரத்தைக் கேளுங்கள்.

அப்புறம் பாதை. மலையோரத்திலிருந்து ஆம்புலன்ஸில் வருகிற குழந்தை சில்லிட்டுப்போய் வந்தால், என்ன மருந்து கொடுத்தாலும் நுரையீரல் மெதுவாகத்தான் கேட்கும். குறைமாசம் என்று முன்கூட்டியே தெரிந்தால் குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டே தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, அந்தப் பக்கம் திருவனந்தபுரம் எஸ்ஏடி ஆஸ்பத்திரியோ. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து இலவசம், இந்த மருந்தும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தனியாரில் ஒரு குப்பியே ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவரின் பல நாள் கூலியை விழுங்கிவிடும், அதுவும் இரண்டாவது டோஸ் என்றால் வீட்டில் நகை நகரும். காப்பீட்டு அட்டை எல்லைக்கு எந்தப் பக்கம் செல்லும் என்பதையும் வலி வரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் பில்லிங் கவுண்டரில் நின்று இரண்டு மாநிலச் சட்டம் பேச முடியாது.

கடைசியாகச் சில்லறைப் புகார்கள், கம்பெனிக்காரர்கள் யாராவது படித்தால் உதவும்.

ஒன்று, பெட்டி. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியை மருந்தோடு ஒட்டிப் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு தடவை வந்த குப்பிகளில் மருந்து உறைந்தே போயிருந்தது. உறைந்த மருந்தை உருக்கிக் கொடுக்கக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். கொண்டுவந்த பையன் "குளிராத்தானே சேச்சி இருக்கு" என்றான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்து உறைந்துவிட்டதா என்று காட்டும் குளிர்காட்டி ஒன்றைப் பெட்டியில் ஒட்டினால் என்ன? பிரிட்ஜுக்குத் தனி ஜெனரேட்டர் லைன் வேண்டும் என்று நாங்கள் கேட்டு வாங்கியது 2017 நவம்பரில் ஓக்கி புயல் அடித்த பிறகுதான், மாவட்டமே இருட்டில் கிடந்த அந்த நாட்களில் டீசல் கணக்கும் தெர்மாமீட்டரும் பார்த்தே எங்களுக்குப் பொழுது போனது.

இரண்டு, வெளியே எடுத்துக் குளிர் போன குப்பியைத் திறக்காமல் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை பிரிட்ஜுக்குத் திருப்பலாம். எந்தக் குப்பி அப்படித் திரும்பியது என்று குறிக்க லேபிளில் இடமே இல்லை. நாங்கள் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் மணி எழுதுகிறோம்.

மூன்று, குப்பி அளவு. க்யூரோசர்ஃப் 1.5 மில்லியிலும் 3 மில்லியிலும் வருகிறது. 600 கிராம் குழந்தைக்கு முதல் டோஸ் சரியாக 1.5 மில்லி. ஒரு கிலோ குழந்தைக்கு மறு டோஸ் 1.25 மில்லி. கையிருப்பில் 3 மில்லி மட்டும்தான் என்றால் பாதியோ அதற்கு மேலோ குப்பைக்குப் போகிறது, மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது, காசு மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும். சின்னக் குப்பியும் எப்போதும் இருக்கட்டும் என்று மருந்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலையாட்டினார்கள். இந்த மாசம் வந்த பெட்டியிலும் 3 மில்லிதான்.